பென் டிரைவில் ஒரு சாயங்காலம் ஓட்டிப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே சென்னை அயனாவரத்தில் எங்கள் தெருவில் லேப்டாப் பையோடு என்னைத் தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். "தம்பி, இது இனிமே வேலை செய்யாதாமே?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். வேலை செய்யும். திடீரென்று ஒருநாள் காலையில் அணைந்து போகாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிப்பு உண்டு. அதற்கு அப்புறம் அதுவும் இல்லை.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை அது ஏற்பதில்லை. அதாவது 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப் என்றால், விசைப்பலகை நன்றாக இருந்தாலும் திரையில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும், கணக்கில் அது பழசு. இவற்றில் பல நேராகக் காயலான் கடைக்குப் போகின்றன. எடைக்குப் போட்டுவிட்டு, ஆன்லைன் வகுப்புக்கும் மனு எழுதவும் புதிதாக ஒன்றை மாதத் தவணையில் வாங்குகிற வீடுகளைப் பார்க்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், அந்த இயந்திரங்களுக்கு இன்னும் நாலைந்து வருஷ ஆயுள் இருக்கிறது. தேவைப்படுவது ஒரு பென் டிரைவும் ஒரு சாயங்காலப் பொழுதும்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் போடுவது எப்படி என்று தமிழிலேயே நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றிலும் ஒரே அவசரம்: பூட் ஆனதும், அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து இயங்கத் தொடங்கியதும், நேராக இன்ஸ்டால் பொத்தானுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பொத்தானுக்கு முன்னால் இருக்கும் பகுதிதான் எனக்கு முக்கியம். ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல், ஒரு முழு இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். லைவ் என்று சொல்கிறார்களே, அதுதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் முன்பணம் கொடுக்கும் முன் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார் இல்லையா, அந்த வாய்ப்பு இது. இதை யாரும் தவறவிடக் கூடாது.

முதலில் பென் டிரைவ். 8 ஜிபியே போதும், ஆனால் இப்போது கடைகளில் 32-க்குக் கீழே தேடினால்தான் கிடைக்கிறது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு பக்கம்தான். ரிச்சி தெருவும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்த அந்த வட்டாரத்தில், மின்னணுச் சாமான்களில் கிடைக்காதது என்று ஒன்றைச் சொல்வது கடினம். ஆனால் பென் டிரைவை மட்டும் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். நடைபாதையில் 64 ஜிபி, 128 ஜிபி என்று கூவி விற்கப்படுவதில் போலிகள் உண்டு. உள்ளே 8 ஜிபி நினைவகத்தை வைத்துவிட்டு, தன்னை 64 என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி வைத்திருப்பார்கள். எழுதும்போது ஒரு பிழையும் வராது. 8 ஜிபியைத் தாண்டியதெல்லாம் எங்கேயும் சேமிக்கப்பட்டிருக்காது, திரும்பப் படிக்கும்போதுதான் தெரியும். லினக்ஸில் எஃப்3 என்ற சிறு நிரல் இதைக் கண்டுபிடிக்கும். விண்டோஸில், பென் டிரைவில் லினக்ஸை எழுதப் பயன்படும் ரூஃபஸ் நிரலிலேயே டிரைவைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. புது டிரைவ் வாங்கியதும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

எந்த லினக்ஸ் என்பதில் நான் அதிகம் வாதாட மாட்டேன். விண்டோஸிலேயே பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டைத்தான் கொடுக்கிறேன். 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக ஓடும். 2010 வாக்கில் வந்த சின்னச் சின்ன நெட்புக்குகளை எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் சில 32 பிட் பிராசசர்கள். டெபியன் என்பது இன்னொரு லினக்ஸ். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கம்ப்யூட்டருக்கான நிறுவி கிடையாது. அதனால் அவற்றுக்கு டெபியன் 12-தான்.

முழு இயங்குதளமும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும், ஏறக்குறைய 3 ஜிபி. அதை இறக்கியதும், கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். நீளமான அந்த எண், தளத்தில் கொடுத்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இதை அலுப்பான சடங்காகப் பார்க்கிறவர்கள் அதிகம். ஆனால் மொபைல் டேட்டாவில் பாதியில் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு இறங்கிய கோப்பில் ஒரு சிறு பகுதி கெட்டிருந்தாலும், நிறுவல் நட்டநடுவில் நிற்கும். அந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே அழிக்கப்பட்டிருக்கும். ஒரு நிமிஷ வேலை, செய்துவிடுங்கள்.

அந்தக் கோப்பைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் பூட் ஆகாது. கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போது விண்டோஸும் இல்லை லினக்ஸும் இல்லை. போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரல் மட்டும்தான் விழித்திருக்கும். அதற்கு ஐஎஸ்ஓ என்ற கோப்பைத் திறக்கத் தெரியாது. பழைய பயாஸ் என்றால் டிரைவின் முதல் செக்டாரை, அதாவது தொடக்கத்தில் இருக்கும் சிறு பகுதியைப் படிக்கும். புதிய யூஈஎஃப்ஐ என்றால் ஃபேட் வகைப் பகுதி ஒன்றில், குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் பூட் கோப்பைத் தேடும். ஐஎஸ்ஓவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் இந்த அமைப்பை டிரைவின் மேல் அப்படியே விரித்துப் போடுவதுதான் ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற நிரல்களின் வேலை. பென் டிரைவில் இருந்த பழைய கோப்புகள் அத்தனையும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம், கல்யாண ஃபோட்டோ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எனக்குப் பிடித்தது வென்டாய். அதை ஒரே ஒருமுறை டிரைவில் போட்டுவிட்டால், அதன் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா நகல் எடுத்துப் போட்டால் போதும். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். நாலு பேருக்கு உதவுகிறவர் பையில் இருக்க வேண்டியது அதுதான்.

அப்புறம் பூட் மெனு, எதிலிருந்து இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதற்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் அந்த வசதியை முதலில் அமைப்புக்குள் போய் இயக்க வேண்டும். விண்டோஸில் வேகத் தொடக்கம் என்ற வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஷட்டவுன் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் டிஸ்கைத் தன் பிடியில் வைத்திருக்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் லைவில் போய்ப் பார்க்கும்போது விண்டோஸ் பகுதியைப் படிக்க மட்டுமே முடியும், சில சமயம் திறக்கவே மறுக்கும்.

இங்கே ஒரு விஷயத்தில் நின்று, நிதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். பூட் அமைப்புகளில் கை வைக்கும் முன், டிஸ்கை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் மறைகுறியாக்கப்பட்டிருக்கும் லேப்டாப்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது அதுவாக இயங்கியிருக்கும். நம்பகமான கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைத்தாலோ வேறு அமைப்பை மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்டு நிற்கும். அந்தக் குறி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்த மருமகனின் மின்னஞ்சலில் இருக்கும், அவர் துபாயில் இருப்பார். குறியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள். உபுண்டு, மின்ட் போன்றவை செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகும், அதை அணைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. தேவையில்லாமல் அணைக்கச் சொல்லும் வழிகாட்டிகள்தான் அதிகம்.

சரி, லைவ் வந்துவிட்டது. இனிமேல்தான் சாயங்காலம் தொடங்குகிறது.

எதிர்வீட்டு டீச்சர் மாநகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2016-இல் மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப், ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். தெருவில் யாருக்குப் பட்டா மாற்ற மனு வேண்டுமென்றாலும், முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் வேண்டுமென்றாலும், தட்டச்சு செய்து கொடுப்பவர் அவர்தான். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். விரல்கள் திரையைப் பார்க்காமலே ஓடும்.

பென் டிரைவிலிருந்து மின்ட் வந்து நின்றதும் அவர் கேட்டது, "இப்போ என் விண்டோஸ் போயிடுச்சாப்பா?"

"இல்ல டீச்சர். அது உள்ளே அப்படியே இருக்கு. இது பென் டிரைவ்ல இருந்து ஓடுது."

"அப்போ நான் இதுல என்ன செஞ்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது. இன்ஸ்டால்னு இருக்கிற அந்த ஒரு ஐகானை மட்டும் தொடாதீங்க. உங்க டிஸ்குக்குள்ள இருக்கிற ஃபைலைத் திறந்தா மூடிடுங்க, சேவ் பண்ணாதீங்க."

அது ஏன் பத்திரம் என்றால், பென் டிரைவில் இருக்கும் இயங்குதளம் சுருக்கப்பட்ட ஒரே பொட்டலமாக இருக்கிறது, படிக்க மட்டும் முடியும். நாம் செய்யும் மாற்றங்கள், நிறுவிப் பார்க்கும் நிரல்கள், எல்லாம் ரேமில் ஒரு தற்காலிக அடுக்காகப் படியும். அணைத்தால் அந்த அடுக்கு காணாமல் போகும். டீச்சருக்கு இது புரிந்ததும் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. மௌஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். லைவின் பெரிய பயன் என்று நான் நினைப்பது இதைத்தான். யாருடைய கம்ப்யூட்டரோ அவரே உட்கார்ந்து, எதுவும் கெட்டுவிடாது என்ற தைரியத்தோடு எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்கலாம். நாம் பக்கத்து நாற்காலியில் இருந்தால் போதும்.

வைஃபை பிடித்தது. சில பழைய லேப்டாப்களில் பிராட்காம் சிப் இருந்தால் உடனே பிடிக்காது. அப்போது மொபைலை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், அதை வைத்து டிரைவரை இறக்கலாம். ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசைகள், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது, எல்லாவற்றையும் பார்த்தோம். டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்து ஹார்ட் டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவலைப் பார்த்தபோது, பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் இருப்பது தெரிந்தது. விண்டோஸ் மெதுவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. இன்ஸ்டால் பொத்தானை முதலில் அழுத்துகிறவருக்கு இது கண்ணில் படாது.

பிறகு எழுத்து. டீச்சரின் பழைய கோப்புகள் எல்லாம், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடக்கும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், ஜாப் டைப்பிங் கடைகளிலும் வீடுகளிலும் பழைய கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. லைவிலேயே அவருடைய எழுத்துருக் கோப்பை அதற்கான மறைகோப்புறையில் நகலெடுத்து வைத்து, லிப்ரேஆஃபீஸ் என்ற ஆவண நிரலில் மனு ஒன்றைத் திறந்தோம். எழுத்துகள் சரியாக வந்தன, அட்டவணை மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. படிப்பதற்கு வழி கிடைத்துவிட்டது.

எழுதுவது வேறு கதை. பழைய எழுத்துருவுக்கான விசைப்பலகை நிரல் விண்டோஸில் மட்டும் ஓடுவது. லினக்ஸில் தமிழ்99 எளிதாகக் கிடைக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் தட்டச்சுப் பொறியில் பல வருஷம் ஓடிய விரல்களை இந்த வயதில் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் தொகுப்புகளை லைவிலேயே இறக்கினால் தட்டச்சுப் பொறி அமைப்பும் அதில் இருக்கிறது. பொறியில் 'கெ' அடிக்கும்போது கொம்புதான் முதலில் விழும், அப்புறம் 'க'. யூனிகோடிலோ 'க' முதலில், கொம்பு பின்னால். அதனால் கொம்பு வரும் சொற்களாகப் பார்த்து அடிக்கச் சொன்னேன். டீச்சர் ஒரு முழு மனுவை அடித்துப் பார்த்தார். எழுத்துகள் விரலுக்குப் பழகிய இடத்தில் இருந்தன, ஓரிரு குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. "இது போதும்பா, குறியைப் பழகிக்கலாம்" என்றார். முடிவு அவருடையது. அந்த ஒரு பக்க மனுவை அவர் அடித்து முடிக்காமல் இருந்திருந்தால் நான் நிறுவியிருக்க மாட்டேன்.

எல்லோரிடமும் முடிவு இப்படியே வராது. பக்கத்துத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணனின் கம்ப்யூட்டரில் டேலி ஓடுகிறது, ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகியிருக்கிறது, ஆடிட்டர் அனுப்பும் எக்செல் கோப்புகளில் மேக்ரோக்கள் இருக்கின்றன. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் சுற்றுவழிகள் உண்டு, ஆனால் ஒரு கடையின் கணக்கைச் சுற்றுவழியில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "உங்களுக்கு இது வேண்டாம்ணே, கடைக்குப் புதுசு ஒண்ணு வாங்குங்க, இதைப் பாப்பாவுக்குப் படிக்கக் குடுங்க" என்றேன். பிரிண்டர் விஷயமும் அப்படித்தான். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸில் டிரைவர் பெரும் இழுபறி. அதையும் லைவில் ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். லினக்ஸ் எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அடுத்தவர் பிழைப்பில் அதைத் திணிக்கக் கூடாது.

டீச்சர் லேப்டாப்பில் டிஸ்க் பழுது என்பதால் ரிச்சி தெருவில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினோம். புதிய எஸ்எஸ்டியை உள்ளே போட்டுவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கை விண்டோஸோடு அப்படியே ஒரு யூஎஸ்பி கேஸில் வைத்துக் கொடுத்தேன். முடிந்தவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம் என்பேன். அழிப்பதற்கு எதுவும் இல்லாதபோது நிறுவல் பயமில்லாத வேலையாகிவிடுகிறது. அவருடைய முக்கியக் கோப்புகளை மட்டும் வேறொரு டிரைவிலும் நகலெடுத்தோம், பழுதான டிஸ்க் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

நிறுவல் என்பது அதற்கு மேல் சில கேள்விகள்தான். மொழி, விசைப்பலகை, கொல்கத்தா நேரம், முழு டிஸ்கையும் எடுத்துக்கொள், பயனர் பெயர், கடவுச்சொல். ஒரே டிஸ்கில் விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். நிறுவிக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால், ஃபர்ம்வேரில் சேமிப்பக முறை ரெய்ட் என்றோ ஆர்எஸ்டி என்றோ இருக்கும், அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸும் கூடவே இருக்கிறது என்றால் அதற்கு முன் விண்டோஸைத் தயார்படுத்தாமல் மாற்றாதீர்கள், அது பூட் ஆகாமல் போகலாம். பேட்டரி உயிரோடு இல்லாத லேப்டாப்பை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் எடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் பேசும்போது எனக்கு 2011 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்த பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். எங்கள் பக்கத்தில் பலர் அதில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தே பார்த்ததில்லை. அது என்ன என்று சொல்ல ஆள் இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காட்டியிருந்தால், இன்று என்னிடம் பை தூக்கி வருகிறவர்களில் சிலர் அடுத்தவருக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிறுவி முடித்ததும் பென் டிரைவை அழித்துவிடாதீர்கள். விண்டோஸோடு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, ஏதோ ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு லினக்ஸ் மெனு வராமல் நேராக விண்டோஸ் வரலாம். பெரும்பாலும் பூட் வரிசை மட்டும் மாறியிருக்கும், ஃபர்ம்வேரில் போய் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். அது போதாவிட்டால் அதே லைவில் பூட் ரிப்பேர் என்ற நிரல் உதவும். கம்ப்யூட்டர் அடியோடு எழாமல் போனாலும், அதே டிரைவில் பூட் செய்து கோப்புகளை வேறு டிஸ்குக்கு எடுக்கலாம். டீச்சருக்கு அதில் ஒரு சீட்டு ஒட்டி, மின்ட் 22 என்றும் பூட் மெனுவுக்கு எஃப்12 என்றும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவருடைய பழைய மனுக்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையைத் தொடங்குகிறோம். பொங்கு தமிழ் மாற்றியில் ஒவ்வொன்றாக ஒட்டி எடுக்க வேண்டும், ஆங்கிலப் பெயர்களும் கதவிலக்கங்களும் கலந்து வரும் வரிகளை அவர் கண்ணால் பார்த்துத் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.